ஆசிரியர் சங்கங்களும் கல்விச் சட்டங்களும்: காவிரிப் படுகை

ஆசிரியர் சங்கம் என்பது பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் ஊதியத்துக்காகவும் பணிப் பாதுகாப்புக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் அமைத்துக்கொள்ளும் அமைப்பு. கல்வி பற்றிய சட்டங்களும் அரசாணைகளும் எப்படி அமைய வேண்டும் என்று வலியுறுத்துவதும் அதன் வேலை. தமிழ்நாட்டில் இவை சங்கம், கூட்டணி, கழகம், மன்றம் எனப் பல பெயர்களில் இயங்குகின்றன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அடங்கிய காவிரிப் படுகையில் இந்த வரலாற்றைத் தனியே எடுத்துப் பார்க்கக் காரணம் உண்டு. வேலை கொடுப்பவரின் தயவில் பிழைப்பது எப்படிப்பட்டது, அந்தத் தயவு சட்டமாக மாறினால் என்ன நடக்கும் என்பதை இந்த மண் வயலிலேயே கண்டிருக்கிறது. அதே மாற்றத்தைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்தவை ஆசிரியர் சங்கங்கள். ஆசிரியரின் பணிப் பாதுகாப்பைச் சங்கத்தாரின் சுயநலக் கோரிக்கை என்று ஒதுக்குகிறவர்கள், அது பிள்ளைகளின் உரிமைக்கும் அடித்தளம் என்பதைக் காணத் தவறுகிறார்கள்.

பழைய தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாள், மிராசுதாரின் நிலத்தில் குடியிருந்து அவர் அளந்து போட்ட நெல்லில் வாழ்ந்தவர். பி. சீனிவாசராவ் போன்றோர் 1940களில் விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டிய பிறகே, 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு கிழக்குத் தஞ்சைக்கென விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. வயலில் சாதிக் கொடுமையோடு சேர்ந்து வந்த அடிமைத்தனத்தையும் ஆசிரியரின் வேலை நிச்சயமின்மையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆசிரியருக்கு எழுத்தறிவு இருந்தது, ஊரில் மரியாதை இருந்தது. ஆனால் வேலையின் கட்டமைப்பில் ஓர் ஒற்றுமை உண்டு. நிதியுதவி பெறும் பள்ளியின் ஆசிரியருக்கு அரசின் மானியம் தாளாளர் கை வழியாகத்தான் வந்தது. பட்டியலில் ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் வேறொரு தொகையைக் கொடுப்பதும், கோடை விடுமுறைக்கு முன் நீக்கிவிட்டு ஜூனில் மறுபடி சேர்ப்பதும் சங்கங்கள் நெடுங்காலம் எழுப்பிவந்த புகார்கள். ஒருவரின் மனம் கோணினால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருக்கும் ஆசிரியர், பள்ளியின் குறையை எந்த அதிகாரியிடமும் வாய் திறந்து சொல்லமாட்டார்.

தென்னிந்தியாவில் ஆசிரியர்கள் அமைப்பாகச் சேர்ந்த தொடக்கக் கதையிலும் படுகையின் பெயர் இருக்கிறது. வலங்கைமானில் 1869இல் பிறந்து கும்பகோணத்தில் படித்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தபோது சென்னை ஆசிரியர் கில்டு உருவாக உழைத்தார். 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டதிலும் அவருக்குப் பங்குண்டு. இரண்டும் ஒருவரின் கவனத்தில் சேர்ந்து வந்ததில் வியப்பில்லை. மாதச் சம்பளக்காரர் கடனுக்கு வட்டிக்காரரையும் வேலைக்கு நிர்வாகியையும் நம்பியிருந்த காலம் அது. சற்றுப் பின்னர், அந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயில், தென்னிந்திய ஆசிரியர் சங்கம் தோன்றியது. மாவட்டக் கில்டுகளை ஒன்றுசேர்த்து ஆண்டுதோறும் மாநாடு கூட்டியது. 1928 முதல் ஆங்கிலத்தில் இதழ் நடத்தியது. உறுப்பினர் குடும்பங்களுக்காகப் பாதுகாப்பு நிதி ஒன்றையும் வைத்திருந்தது. கோரிக்கை மனுவைவிட இந்த நிதியே ஒற்றுமைக்கு நல்ல சான்று என்பது என் கருத்து. முகம் தெரியாத ஒரு சக ஆசிரியரின் குடும்பத்துக்காக மாதந்தோறும் சந்தா கட்டுகிறவர்தான் நாளை அவருக்காகத் தெருவில் நிற்பார். இன்றும் ஆசிரியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கங்கள் அந்த வேலையைத் தொடர்கின்றன.

கில்டுகள் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுடையவை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைப் பேரளவில் திரட்டியது, மாஸ்டர் இராமுண்ணியின் பெயரோடு சேர்த்தே பேசப்படும் ஆசிரியர் கூட்டணி. இவர்களின் பணிநிலை மாறியதைச் சில ஆண்டுகளைக் கொண்டே சொல்லிவிடலாம். சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் சேர்த்துத் தந்த முப்பயன் திட்டம் 1955இல் நிதியுதவிப் பள்ளி ஆசிரியர்களுக்கும் வந்தது. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து மாவட்டக் கழகப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களுக்குக் கைமாறின. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஊரின் செல்வாக்குள்ளவர்களே ஒன்றியத் தலைமைக்கும் வந்த படுகைக் கிராமங்களில், இந்தக் கடைசி மாற்றம் ஊதிய உயர்வைவிடப் பெரிது.

இவற்றைக் காட்டிலும் ஆழமானது 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம். அதன் 22ஆம் பிரிவின்படி, தகுதியுள்ள அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் எந்த ஆசிரியரையும் நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது என்றாயிற்று. தற்காலிகப் பணிநீக்கம் இரண்டு மாதத்துக்கு மேல் நீளக்கூடாது என்றும் அது விதித்தது. காரணம் இருந்தால் மேலும் இரண்டு மாதம், அவ்வளவே. அடுத்த பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி செய்தது. படிக்கையில் இவை வறட்டு விதிகள் போலத் தோன்றும். ஆனால் தாளாளருக்கும் ஆசிரியருக்கும் இடையில் மூன்றாவதாக ஒருவரை உட்கார வைத்தது இந்த விதிதான். ஆசிரியருக்குத் தொழிலாளர் சட்டம் போதாதா, தனிச் சட்டம் எதற்கு என்று கேட்பதுண்டு. 1988இல் சுந்தரம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு விடை தந்தது: தொழில் தகராறுச் சட்டத்தின் பொருளில் ஆசிரியர் ‘தொழிலாளி’ ஆகமாட்டார். ஆலைத் தொழிலாளிக்குத் திறந்திருந்த கதவு ஆசிரியருக்கு மூடியிருப்பதால், கல்விச் சட்டமே அவருக்கு உள்ள புகலிடம். சங்கங்கள் சட்டமன்றத்தைச் சுற்றியே வந்ததன் காரணம் இதுதான்.

அந்தச் சட்டமன்றத்தில் ஆசிரியருக்கு ஒரு காலத்தில் இடமும் இருந்தது. அரசியலமைப்பின் 171ஆம் பிரிவு, மேலவை உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்க வகை செய்கிறது. ஆனால் இடைநிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களில் பணியாற்றுவோருக்குத்தான் அந்த வாக்கு. நாற்றங்கால் வரப்பில் நடந்துபோய் ஒன்றாம் வகுப்புக்கு அகரம் கற்பித்தவருக்கு அதில் பங்கில்லை. 1986 நவம்பர் 1இல் தமிழ்நாட்டு மேலவை கலைக்கப்பட்டதும் மற்றவர்களும் அதை இழந்தார்கள். ஆசிரியர்கள் ஏன் அடிக்கடி தெருவுக்கு வருகிறார்கள் என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வேலைநிறுத்தத்தின் மீதான எதிர்ப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பள்ளி மூடினால் வசதியுள்ளவரின் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது. கூலிக்காரர் பிள்ளைக்குப் பாடத்தோடு மதிய உணவும் போகிறது. இது உண்மை. 2003 ஜூலை 2இல் தொடங்கிய அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தை அன்றைய அரசு எஸ்மா எனப்படும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தாலும் அவசரச் சட்டத்தாலும் எதிர்கொண்டு, சுமார் 1,70,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. ஆகஸ்ட் 6ஆம் தேதி டி. கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்றது. பெரும்பாலோர் நீதிமன்றத் தலையீட்டால் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் 1988இல் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசு ஊழியருக்கு இணையான ஊதியம் கேட்டு அந்த ஆண்டு நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. பின்னர் வந்த ஊதியக்குழு அந்த ஆண்டு ஜூன் 1 முதலே கணக்கிட்டு அதைத் தந்தது. பேசித் தீர்க்கக்கூடியதைப் பேசாமல் விட்டதன் விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன். ஆசிரியர் நிலை குறித்து பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் 1966 அக்டோபர் 5இல் ஏற்ற பரிந்துரை, தகராறுகளைத் தீர்க்கக் கூட்டு அமைப்புகள் வேண்டும் என்று அன்றே சொன்னது. அந்த நாளைத்தான் உலகம் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறது.

இன்னொரு குற்றச்சாட்டு, பணிப் பாதுகாப்பு சோம்பேறிகளுக்குக் காப்பாகிறது என்பது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் யாரையும் நீக்கக் கூடாது என்று சொல்லவில்லை. குற்றச்சாட்டைச் சொல், விளக்கம் கேள், அனுமதி பெற்று நீக்கு என்றது. அது நடக்காமல் கோப்பு ஆண்டுக்கணக்கில் தூங்குவது நிர்வாகத்தின் தவறு. அதேசமயம், பள்ளிக்கு ஒழுங்காக வராத உறுப்பினரைப் பற்றிச் சங்கங்கள் வெளிப்படையாகப் பேசத் தயங்குகின்றன. ஓய்வூதியம் பற்றி வரும் தீர்மானங்களின் வேகத்தில் பாதியாவது இதில் இருந்திருந்தால், ஊரார் அவர்கள் பக்கம் இன்னும் உறுதியாக நின்றிருப்பார்கள்.

இந்த வாதத்துக்கு மிகக் கடுமையான சோதனை கும்பகோணத்தில் வந்தது. 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருவில், மூன்று பள்ளிகள் ஒரே கட்டடத்தில் இயங்கிய இடத்தில், சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரை வழியே வகுப்பறைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. 2014 ஜூலை 30இல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றும் 11 பேரைக் குற்றமற்றவர்கள் என்றும் தீர்ப்பளித்தது. பணிப் பாதுகாப்புச் சட்டம் வந்து முப்பது ஆண்டு ஆகியும் இது நடந்ததே, உங்கள் சட்டம் எந்தக் குழந்தையைக் காத்தது என்று கேட்டால், பதில் சொல்லும் கடமை இருக்கிறது. பணிப் பாதுகாப்பு மட்டும் தீயை அணைக்காது. குறுகிய படிக்கட்டையும் கீற்றுக் கொட்டகையையும் நாள்தோறும் பார்ப்பவர் ஆசிரியர். ஆனால் கட்டடத்தின் தகுதியைச் சான்றளிப்பதில் அவருக்கு எந்தச் சட்டப் பங்கும் இல்லை. எல்லாம் நிர்வாகிக்கும் ஆய்வு அலுவலருக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. இந்தத் தீயை அடுத்து நடந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்றது. தீயணைப்புக் கருவிகள் வேண்டும், அவற்றைக் கையாளப் பணியாளருக்குப் பயிற்சி வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஆபத்தை அறிவிக்கும் ஆசிரியரைப் பழிவாங்கலிலிருந்து காக்கும் தெளிவான விதியும் இதோடு சேர வேண்டியது. சங்கங்கள் முதல் வரிசையில் நின்று கேட்க வேண்டிய சட்டம் அதுவே.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. அறுபது மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்று அது வகுக்கிறது. நடவும் அறுப்பும் நம்பி வாழும் குடும்பங்கள் சிதறிக் கிடக்கும் படுகைக் குக்கிராமங்களில், பல பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சிறியது. எண்ணிக்கை எவ்வளவு சிறிதானாலும் வகுப்புகள் ஐந்துதான். ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்கும்போது, ஒருவர் கூட்டத்துக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் மற்றவர் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ள மட்டுமே முடியும். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பது சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. 2019 ஜனவரி 22 முதல் 30 வரை ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தில் பழைய ஓய்வூதியத்தோடு, மாணவர் குறைந்த பள்ளிகளை இணைக்கக் கூடாது என்ற கோரிக்கையும் இருந்தது. செய்திகளில் முன்னது நிறைந்தது, பின்னது மறைந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன், 2018 நவம்பர் 16இல், வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் கூரை இழந்த மக்கள் ஒதுங்கியது அந்தப் பள்ளிக் கட்டடங்களில்தான்.

ஆசிரியர் தகுதித் தேர்வு, சங்கமும் சட்டமும் எதிரெதிராக நிற்கும் இடம். ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரத்துக்குச் சங்கம் எதிரி என்ற பேச்சு இதையொட்டி எழுந்தது. பெற்றோரின் ஆவல் நியாயமானது. ஆனால் 2010 ஆகஸ்டில் வந்த அறிவிக்கை, முன்பே முறைப்படி நியமனம் பெற்றவர்களுக்கு விலக்கு அளித்திருந்தது. அதை நம்பி இருபது ஆண்டு பாடம் நடத்தியவரிடம் இப்போது புதிய நுழைவுச் சீட்டைக் கேட்பது, சட்டம் தந்த உறுதியைச் சட்டமே திரும்பப் பெறுவதாகும். பணியிடைப் பயிற்சியையும் வகுப்பறை மதிப்பீட்டையும் கட்டாயமாக்கினால் தரமும் காக்கப்படும், வாக்குறுதியும் நிற்கும்.

சங்கங்களின் பெரிய குறை அவற்றின் வேலிகளில் இருக்கிறது. இடைநிலை, பட்டதாரி, முதுநிலை, தமிழாசிரியர் என்று பதவிக்கொரு சங்கம். நெருக்கடி வந்தால் மட்டும் கூட்டு நடவடிக்கைக் குழு. 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் தனியே போராடினார்கள். 2009 ஜூன் 1க்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுத் தனியே பட்டினி கிடந்தார்கள். சுயநிதிப் பள்ளி ஆசிரியர்களில், பெரும்பாலும் பெண்களான அவர்களில், பலர் எந்தச் சங்கத்திலும் இல்லை. மெட்ரிகுலேஷன் பள்ளிகளையும் உள்ளடக்கிய 2018ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் வெளியூர்ச் சங்கம் ஒன்று இவர்களுக்கும் ஒன்றைப் பெற்றுத் தந்திருக்கிறது. பணிக்கொடைச் சட்டத்தில் ஆசிரியர் ‘ஊழியர்’ ஆகமாட்டார் என்று 2004இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத் தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கத்தின் வழக்கில் கூறியது. சங்கம் வழக்கில் தோற்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு சுட்டிய ஓட்டையை நாடாளுமன்றம் 2009இல் திருத்தத்தால் அடைத்தது, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2022 ஆகஸ்டில் தள்ளுபடியானது. பட்டுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ ஒரு நர்சரிப் பள்ளியில் ஐந்தாண்டு பாடம் நடத்திவிட்டு விலகும் ஆசிரியை, அந்தச் சங்கத்தின் பெயரையே கேள்விப்பட்டிராவிட்டாலும், பணிக்கொடையை உரிமையாகக் கேட்கலாம்.