சிட்டாவும் அ-பதிவேடும்: இரண்டு ஷீட்டை இணைத்த கதை

போன மாதம் பல்லடம் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா ஒரு தாளை நீட்டினார். "ஏண்டா கண்ணு, என்ற கெணத்துக்காடு உன்ற பேருக்கு எப்படா போச்சு?"

அந்தத் தாள் நான் எக்செல்லில் போட்டு அனுப்பியது. பாகப்பிரிவினைக்கு முன் குடும்ப நிலங்களை ஒழுங்குபடுத்த இரண்டு ஷீட் வைத்திருந்தேன். முதல் ஷீட்டில் புல எண்ணும் பரப்பும், இரண்டாவதில் பட்டா எண்ணும் பெயரும். முதல் ஷீட்டில் பெயர் வரவேண்டிய கட்டத்தில், 'இரண்டாம் ஷீட்டின் 14ஆவது வரியில் இருப்பதைக் காட்டு' என்று நேரடி இணைப்பு. பங்காளி முறைத் தம்பி ஒருவன் பார்க்கச் சுலபமாக இருக்கட்டுமே என்று இரண்டாம் ஷீட்டைப் பெயர் வரிசைக்கு மாற்றிவிட்டான். எக்செல் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. 14ஆவது வரியில் சித்தப்பாவுக்குப் பதில் நான் வந்துவிட்டேன்.

இத்தனை வருடம் டேட்டாபேஸோடு குப்பை கொட்டியவன் செய்யக்கூடாத தவறு. வெட்கமாகத்தான் இருந்தது. ஊர்க் கணக்குப்பிள்ளை இதைச் செய்திருக்க மாட்டார். ஏன் என்று யோசித்ததில் எழுந்ததுதான் இந்தக் குறிப்பு.

1792இல் பாராமகாலில் ரீடும் மன்றோவும் ரயத்துவாரி முறையைத் தொடங்கினார்கள். 1799இல் திப்பு வீழ்ந்ததும் கோயமுத்தூர்ச் சீமை கம்பெனி கைக்கு வந்தது. ரயத்துவாரியில் இடையில் ஜமீன்தார் கிடையாது, ஒவ்வொரு குடியானவரும் நேராகச் சர்க்காருக்கு வரி கட்ட வேண்டும். எனவே கணக்கு இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த நிலம் யாருடையது? இந்த ஆளுக்கு எங்கெங்கே நிலம்?

ஒரே புத்தகத்தில் இரண்டையும் தேடுவது கஷ்டம். அதனால்தான் இரண்டு பதிவேடு. அ-பதிவேடு புல எண் வரிசையில் போகும், ஒவ்வொரு புலத்துக்கும் எதிரே பட்டா எண் இருக்கும். சிட்டா பட்டா எண் வரிசையில் போகும், ஒவ்வொரு பட்டாவுக்கும் கீழே புல எண்கள் இருக்கும். எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று பசலிதோறும் எழுதுவது அடங்கல், அதுவும் புல எண்படிதான். ஜூலை 1இல் பசலி ஆண்டு பிறக்கும். வருடத்துக்கு ஒருமுறை ஜமாபந்தியில் இந்தக் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள்.

கவனியுங்கள், இதில் எங்குமே 'இன்ன பக்கம், இன்ன வரி' என்று இணைப்பு இல்லை. வரிசை மாறினாலும் புத்தகத்தையே புதிதாக எழுதினாலும் எண் அறுந்துபோகாது. 1970இல் எட்கர் காட் எழுதிய ரிலேஷனல் மாடல் கட்டுரையைப் படித்துத்தான் நாங்கள் இதை 'ஃபாரின் கீ' என்று கற்றுக்கொண்டோம்.

1979இல் தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க் விற்பனைக்கு வந்தது. ஒரே ஒரு தாள்தான். ஒரே கோப்புக்குள் பல ஷீட் வைக்கும் வசதி எக்செல்லில் 1993இல்தான் வந்தது.

தமிழ்நாட்டில் யூ.டி.ஆர். என்று ஊரில் சொல்லும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியதும் அதே 1979இல்தான். 1987 வரை நடந்தது. ஏக்கர், சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர் ஆயின. பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. இதற்கு நடுவே, 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. அந்தப் பதவி பரம்பரையாகப் போனதில் நியாயமில்லை, ஒழித்தது சரியே. ஆனால் எந்தக் காடு எந்த எண் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள், பதிவேடு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே போனார்கள் என்பதும் உண்மை.

அப்போது எல்லாம் அறுந்துபோகாமல் காப்பாற்றியது அ-பதிவேட்டின் ஒரு சின்னப் பத்தி: 'பழைய புல எண்'. தாத்தாவின் 1962 கிரயப் பத்திரத்தில் 112/2, 2 ஏக்கர் 47 சென்ட் என்று இருக்கிறது. இன்றைய பதிவில் 112/2ஏ, 112/2பி, இரண்டும் சேர்ந்து 1 ஹெக்டேர். அந்தப் பத்தி இல்லாவிட்டால் பத்திரமும் பட்டாவும் ஒரே நிலத்தைச் சொல்கின்றன என்று நிரூபிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

ஷீட்டைத் திருத்தி எழுதினேன். உங்களுக்கும் உதவும் என்பதால் மூன்று விஷயம்:

1. வரியைச் சுட்டாதீர்கள், பட்டா எண்ணைக் கொடுத்து வீலுக்கப் மூலம் தேடுங்கள். கடைசியில் 'ஃபால்ஸ்' போட மறக்காதீர்கள். விட்டுவிட்டால், தேடிய எண் கிடைக்காதபோது பக்கத்து எண்ணின் பெயரைக் கொண்டுவந்து காட்டும். 2019இல் வந்த எக்ஸ்லுக்கப்பில் இந்தத் தொல்லை இல்லை.

2. புல எண் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். இல்லையேல் 12/3 என்று அடித்ததும் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும்.

3. பழைய எண்ணை அழிக்காதீர்கள். தனிப் பத்தியில் வையுங்கள்.

புதுத் தாளை எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன். கிணற்றுக்காடு அவர் பெயரில் திரும்ப வந்திருந்தது. அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை. "இதுல இட்டேரி எங்கடா?" என்றார். வடக்கே இட்டேரி, கிழக்கே பள்ளம் என்று பத்திரத்தில் உள்ள செக்குபந்திதான் அவருக்கு அடையாளம்.

அன்று இரவே நான்கு பத்தி சேர்த்தேன். நான்கு திசைக்கும் ஒவ்வொன்று.