மலையக மாணவரின் கைநிதி: வரவும் காலமும் கடனும்

1. பொருளும் எல்லையும்

ஒரு மாணவர் தம் பொறுப்பில் பெற்று, வைத்து, செலவிடும் பணம் முழுவதையும் இங்கே கைநிதி என்று குறிக்கிறோம். 1945இல் வந்த இலவசக் கல்வியால் அரச பல்கலைக்கழகங்களில் கற்பித்தற் கட்டணம் இல்லை. ஆகவே அது இந்த வரையறைக்குள் வராது. எஞ்சுபவை சாப்பாடு, தங்குமிடம், பஸ், ரயில், போட்டோகொப்பி, டேட்டா, லெப்டொப். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாத் தோட்டங்களிலிருந்து பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ படிக்கச் செல்பவருக்கு இவையே படிப்பின் விலை.

கைநிதி பற்றிய பொது நூல்கள் மாணவரைத் தனியாளாக வைத்துத் தொடங்குகின்றன. மலையகத்தில் அந்த எடுகோள் நிற்காது. லயத்துக் குடும்பத்தின் கணக்கும் பிள்ளையின் கணக்கும் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன. தொகை சிறியது என்பதை யாவரும் அறிவர். நாம் இங்கே வலியுறுத்துவது வேறொன்று: வரவு வரும் திகதியும் செலவு கேட்கும் திகதியும் பொருந்துவதில்லை. இந்த இடைவெளிக்குக் காலப்பிளவு என்று பெயரிடுகிறோம்.

2. வரவின் வகைகள்

முதலாவது குடும்பவரவு. தோட்டத்தில் கூலி ‘பேர்’ கணக்கில் எண்ணப்படுகிறது. ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த வீதத்தில் மாதம் 25 பேர் விழுந்தால் 33,750 ரூபாய். இதில் சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணத்தின் மாதத் தவணை ஆகியவை கழிந்த பின்பே காசு கைக்கு வரும். 25 பேர் விழுவதும் உறுதியில்லை. தை முதல் பங்குனி வரையான வரட்சியில் மேற்குச் சரிவுத் தோட்டங்களில் கொழுந்து குறையும், பேரும் குறையும். பல்கலைக்கழகத்தின் நாட்காட்டி இந்தப் பருவத்தை அறியாது.

இரண்டாவது தவணைவரவு. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் வழங்கும் புலமைப்பரிசிலும், அது கிடைக்காதவருக்கான பேர்சரி உதவித்தொகையும் இவ்வகையின. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. சோற்றுப் பார்சலின் விலை ஏறியது. மகாபொல மாதம் 5,000 ரூபாயிலேயே நின்றது. 2025 வரவு செலவுத் திட்டத்தின் பின்பே மகாபொல 7,500 ஆகவும் பேர்சரி 6,500 ஆகவும் உயர்ந்தன. 7,500 ரூபாயை 30 நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 250.

மூன்றாவது உழைப்புவரவு. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையிலான மாதங்களில் கொழும்புக் கடைகளில் வேலை செய்து ஈட்டுவதும், பின்னர் டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பெறுவதும் இதில் அடங்கும். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென உள்ள கல்வி நிதியங்கள் சிலருக்கு நான்காம் வகையாக உதவுகின்றன. அவற்றுக்கு முடிவுத் திகதிக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தகுதியிருந்தும் அறிவித்தல் எட்டாததால் இழந்தோர் பலர்.

3. காலப்பிளவின் காரணங்கள்

தோட்டத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய 10ஆம் திகதி. இடையில் ஒரு அட்வான்ஸ். மாணவரின் சாப்பாட்டுச் செலவு நாள்தோறும். போர்டிங் வாடகை மாதத் தொடக்கத்தில். முதலாம் வருடத்தில் மகாபொலவின் முதல் தவணை, படிப்புத் தொடங்கிப் பல மாதம் கழிந்தே வருவது வழக்கம். இந்த வரவுகளும் செலவுகளும் வெவ்வேறு நாட்காட்டிகளில் நடக்க, அவற்றை இணைக்கும் வேலை கடனுக்கு வந்து சேர்கிறது.

இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. கங்காணி முறையில் தொழிலாளி முற்பணத்தோடுதான் தோட்டத்துக்குள் வந்தார். அவர் கடன் துண்டில் எழுதப்பட்டு, அதைத் தீர்க்காமல் வேறு தோட்டம் போக இயலாதிருந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் பெரிய செலவு எதுவாயினும் முற்பணம் வாங்கிப் பின்பு கழிப்பது என்னும் ஒழுங்கு நிலைத்துவிட்டது. சேமித்துச் செலவிடுவதற்கு வேண்டிய மிச்சம் அந்தக் கூலியில் ஒருபோதும் இருந்ததில்லை. ஆதலால் இதைக் குடும்பங்களின் ஒழுங்கின்மை என்று கூறுவோரை நாம் மறுக்கிறோம்.

4. கடனின் வகைகள்

கடனை வட்டியால் மட்டும் வகுத்தல் போதாது. திருப்பிக் கேட்கும் கால இடைவெளியாலும் வகுக்க வேண்டும். வங்கியில் நகை அடகு வைப்பது காலத்தில் நெகிழ்வுடையது. தனியார் அடகுக்கடையை விட வட்டியும் பெரும்பாலும் குறைவு. வாரத் தவணை கேட்கும் நுண்கடனோ மாதச் சம்பளக் குடும்பத்தில் காலப்பிளவை இன்னும் அகலமாக்குகிறது. மாதத்தில் சம்பளம் வராத மற்ற வாரங்களின் தவணைக்கு வேறெங்கோ கடன் வாங்க நேர்கிறது. பிள்ளையின் படிப்புக்கென இதை எடுக்கலாகாது என்பதே எம் உறுதியான கருத்து.

சீட்டு தனி ஆராய்ச்சிக்குரியது. முதற்கையில் எடுத்தால் அது கடன். கடைசிக்கையில் எடுத்தால் சேமிப்பு. அம்மா போடும் சீட்டில் எந்தக் கை எப்போது வருகிறது என்பதைப் பிள்ளை முன்பே அறிந்திருந்தால், லெப்டொப் வாங்கும் மாதத்தை அதற்கேற்ப வைக்கலாம். பல வீடுகளில் இந்தத் தகவல் போனில் பேசப்படுவதே இல்லை. கஷ்டத்தைச் சொன்னால் பிள்ளையின் மனம் கலங்கும் என்று பெற்றோர் மறைக்கின்றனர். பசியைச் சொன்னால் அம்மா தோட்டைக் கழற்றிவிடுவார் என்று பிள்ளை மறைக்கிறது.

எந்தக் கணக்கிலும் எழுதப்படாத ஒன்றையும் இங்கே குறிக்க வேண்டும். அண்ணனின் படிப்புக்காகத் தங்கை சாதாரணதரத்தோடு நின்று கொழும்புக்கு வேலைக்குப் போவதை மறைசெலவு என்கிறோம். பணமாக அளக்க இயலாவிடினும் இதுவே எல்லாவற்றிலும் பெரிய கடன்.

5. நிலைகளும் ஒழுங்கும்

முதல் நிலை பல்கலைக்கழகம் புகும் காலம். அப்போது, கடைவேலையில் ஈட்டியதை உடைக்கும் போனுக்கும் முடிக்காமல், மகாபொல வரும்வரையான மாதங்களின் உணவுக்கு ஒதுக்க வேண்டும்.

இரண்டாம் நிலை நிலுவை வரும் நாள். பல மாதத் தவணை ஒன்றாகக் கணக்கில் விழும்போது அது செல்வம்போல் தோன்றும். உண்மையில் அதன் பெரும்பகுதி முன்பே உண்டு முடிந்த பணம். முதலில் மெஸ் பாக்கியும் நண்பரிடம் வாங்கியதும் தீர வேண்டும். அடுத்து ஒரு மாத உணவுக்குரிய தொகை பிரிக்கப்பட வேண்டும்; இதைப் பிளவிருப்பு என்போம். அடுத்த தாமதத்துக்கன்றி இதைத் தொடலாகாது. வீட்டுக்கு அனுப்பும் பங்கு அதன் பின்பு வரும். மாணவர் உதவித்தொகை வீட்டுக்குப் போகக்கூடாது என்று சில ஆலோசகர் கூறுகின்றனர்; தம்பியின் பாடசாலைச் சப்பாத்து அந்தப் பணத்தில் வாங்கப்படுவதை அவர்கள் கண்டதில்லை. அனுப்புவதைத் தடுக்க வேண்டியதில்லை. தொகையும் திகதியும் இரு தரப்புக்கும் முன்பே தெரிந்திருந்தால், குடும்பம் அதை வாரத் தவணைக் கடனுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நிலை விடுதியை விட்டுப் போர்டிங்குக்கு மாறும் வருடம். முற்பணமும் முதல் வாடகையும் ஒரே நாளில் கேட்கப்படும். குடும்பச் சீட்டின் கை விழ வேண்டிய மாதம் இதுவே. ஆதலால் சீட்டில் சேரும்போதே, முந்திய வருடத்தில், எந்த மாதக் கை வேண்டும் என்று அம்மாவோடும் சீட்டுப் பிடிக்கும் அக்காவோடும் பேசி முடிக்க வேண்டும்.