கொங்கு நாட்டுப் போர் எழுத்து

போரிலும் ஆயுத நடவடிக்கைகளிலும் அழிந்த எளிய மக்களைப் பற்றிக் கோவை, ஈரோடு வட்டாரத்தில் எழுதப்பட்ட நூல்களையும், வெளியூரில் எழுதப்பட்டு இங்கே அச்சேறிய நூல்களையும் சேர்த்துக் கொங்கு நாட்டுப் போர் எழுத்து எனலாம். இது யாரும் கூடிப் பேசித் தொடங்கிய இயக்கமல்ல. இவற்றை எழுதியவர்களும் அச்சிட்டவர்களும் கவிஞர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், தலைமறைவில் இருந்த போராளிகள் எனப் பலதரப்பட்டவர்கள். அரசின் கணக்கேட்டிலோ இயக்கத்தின் கணக்கேட்டிலோ இடம் பெறாமல் போன மனிதர்களைப் பெயரும் முகமும் உள்ளவர்களாக எழுதி வைப்பதுதான் இவர்களை ஒன்றாக்குகிறது.

ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட பிறகு, கொங்கு மண்ணில் இரு படைகள் நேருக்கு நேர் மோதிய போர் நடந்ததில்லை. ஆனால் போர் வேறு வழிகளில் வந்து சேர்ந்தது. படைக்கு ஆளெடுத்தார்கள், விமானத் தளம் அமைத்தார்கள், பின்னாளில் அகதி முகாம்கள் எழுந்தன. சூலூர் விமானத் தளத்தை 1942 ஆகஸ்ட் 26 அன்று விடுதலைப் போராட்டக்காரர்கள் தீயிட்டுக் கொளுத்தினார்கள். பலர் சிறைக்குப் போனார்கள்.

எழுத்தில் முதல் அசைவு வானம்பாடிக் கவிஞர்களிடம் தெரிகிறது. 1971 அக்டோபரில் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ விலையில்லாக் கவிமடலாக வெளிவந்தது. வியட்நாமில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. வங்கதேசத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டிக்கொண்டிருந்தார்கள். புவியரசு, சிற்பி, ஞானி, முல்லை ஆதவன் முதலானோர் கூடிய அந்த வட்டம் கவிதையை மேடைக்கும் தெருவுக்கும் கொண்டுவந்தது. மானுடம் என்ற சொல்லை அவர்கள் நெஞ்சாரப் பாடினார்கள். அந்தக் குரலில் முழக்கம் மிகுதி என்ற விமரிசனம் அன்றே எழுந்தது, அது நியாயமானதுதான். மானுடம் முழுவதற்கும் பாடும் கவிதையில் செத்துப்போன ஒருவனின் பெயர் அரிதாகவே வரும். பெயரோடு எழுதும் எழுத்து ஈழத்திலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

‘மரணத்துள் வாழ்வோம்’ என்ற தொகுப்பு 1985-இல் யாழ்ப்பாணத்தில் வெளியானது. 31 கவிஞர்கள், 82 கவிதைகள். உ. சேரன், அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராசன் ஆகியோர் தொகுத்தார்கள். 1981-இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டதையும், 1983 ஜூலைப் படுகொலைகளையும், சுற்றிவளைப்புகளையும், இரவில் வந்து நிற்கும் ராணுவ ஜீப்பையும் நேரில் கண்டவர்களின் கவிதைகள் அவை. சேரன், வ.ஐ.ச. ஜெயபாலன், ஊர்வசி ஆகியோரின் வரிகளில் அழகுக்காகச் சேர்த்த சொல்லைத் தேடித்தான் எடுக்க வேண்டும். வாசல், வேலி, பனை, காணாமல் போன தம்பி என்று கைக்கெட்டிய பொருள்களை வைத்தே பேரழிவைச் சொல்லிவிட முடியும் என்பதைத் தமிழ்க் கவிதை அங்கேதான் கற்றுக்கொண்டது.

இந்தத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பை 1996-இல் கொண்டுவந்தது கோவை விடியல் பதிப்பகம். அந்த ஆண்டின் சூழலை நினைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் விளங்கும். 1991-இல் ராஜீவ் காந்தி விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாட்டில் ஈழம் என்ற சொல்லையே பலர் தணிந்த குரலில் பேசினார்கள். அகதிகள் மீது கெடுபிடி கூடியிருந்தது. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறியிருந்தார்கள். அப்படிப்பட்ட வேளையில், ஒரு சிறு பதிப்பகம் அந்தக் கவிதைகளைத் தமிழ்நாட்டு வாசகர் கையில் மறுபடி வைத்தது. அதை நடத்தியவர் விடியல் சிவா. 2012-இல் மறையும் வரை, விற்பனைக்கு ஏற்றதா என்று பாராமல் கனமான அரசியல் நூல்களை வெளியிட்டுக்கொண்டே இருந்தார்.

அதைவிடத் துணிவான காரியம் அடுத்த ஆண்டு நடந்தது. கோவிந்தன் என்ற புனைபெயரில் எழுதப்பட்டு 1985-இல் வெளிவந்த ‘புதியதோர் உலகம்’ நாவலை விடியல் மறுபதிப்புச் செய்தது. விடுதலை கேட்டுப் புறப்பட்ட ஓர் இயக்கம் தமிழ்நாட்டில் நடத்திய முகாம்களுக்குள்ளேயே தன் பிள்ளைகளைச் சித்திரவதை செய்து கொன்றதைச் சொல்லும் நாவல் இது. எழுதியவர் அந்த இயக்கத்திலிருந்து விலகி உயிர் பிழைத்தவர். பின்னர் 1991-இல் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. எதிரியின் கொடுமையை எழுதும்போது ஊர் துணைக்கு நிற்கும். தன் தரப்பின் கொலையை எழுதுகிறவன் தனித்தே நிற்க வேண்டும். போர் இலக்கியத்தின் உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது. அந்தச் சோதனையில் தேறிய தமிழ் நூல்கள் சிலவே, அவற்றுள் இது முதன்மையானது.

போருக்குத் தப்பியவர்களும் கொங்கு நாட்டுக்கு வந்தார்கள். 1983 முதல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தனர். கோவைக்கு மேற்கே பூலுவபட்டியிலும் ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகரிலும் முகாம்கள் எழுந்தன. 2009-இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த இறுதிக்கட்டப் போரில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் சொன்னது. இறந்தவர்களின் உறவினர்கள் இந்த முகாம்களிலும் இருந்தார்கள். 2021-இல் தமிழக அரசு இவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. இங்கே பிறந்து வளர்ந்த தலைமுறைக்கும் குடியுரிமைச் சிக்கல் தீரவில்லை.

பவானிசாகர் முகாமிலிருந்து வடக்கே பார்த்தால் சத்தியமங்கலம் காடு. அங்கே வேறொரு போர் நடந்தது. சந்தனமரக் கடத்தல்காரர் வீரப்பனைப் பிடிப்பதற்கென்று 1990-களில் தமிழக, கர்நாடக அதிரடிப்படைகள் நடத்திய தேடுதலில், இரு மாநில எல்லையிலும் இருந்த மலைக்கிராமங்கள் நசுங்கின. சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டவர்கள் மாதேஸ்வரன் மலை முகாமில் அடித்தும் மின்சாரம் பாய்ச்சியும் வதைக்கப்பட்டதாகச் சாட்சியம் சொன்னார்கள். பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மைசூர்ச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 2001-இல் தீர்ப்பு வந்தபோது பெரும்பாலோர் விடுதலையானார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் விசாரணைக்குப் பின், 2007-இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு பரிந்துரைக்கப்பட்டது.

மனித உரிமைப் பணிக்காக அந்த மலைக்கிராமங்களுக்குப் போன வழக்கறிஞர் ச. பாலமுருகன், அங்கே கேட்டவற்றிலிருந்து ‘சோளகர் தொட்டி’ நாவலை எழுதினார். 2004-இல் அது வெளிவந்தது. வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே ஆண்டுதான். சோளகர் என்பது பழங்குடியின் பெயர், தொட்டி என்பது அவர்களின் சிற்றூர். நாவலின் முதல் பாதியில் ராகி விதைப்பு, வேட்டை, தெய்வம், மூதாதையருக்கான சடங்கு, நிலத்தைப் பறிகொடுத்த வேதனை என்று தொட்டியின் அன்றாட வாழ்வு விரிகிறது. இரண்டாம் பாதியில் சீருடைகள் வருகின்றன. அவசரப்பட்ட எழுத்தாளர் வதைமுகாமில் தொடங்கியிருப்பார். இங்கே, அடிபடுகிறவர் யார், அவர் எந்தக் காட்டில் தேன் எடுத்தார், யாருடைய மகள் என்பது வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. விசாரணை அறிக்கையில் எண்ணாக நின்ற பெண்கள் இந்த நாவலில் தாயாகவும் மகளாகவும் எழுந்து வருகிறார்கள்.

நெடுங்காலம் கழித்துப் பாலமுருகன் எழுதிய ‘டைகரிஸ்’ நாவல் நூறாண்டு பின்னோக்கிப் போகிறது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் கதை அது. அந்தப் போரில் கடல் கடந்த இந்தியர் சுமார் 13 லட்சம் பேர், இறந்தவர் சுமார் 74,000. டைகரிஸ் ஆற்றங்கரையில் கூத் நகரம் 1915 டிசம்பரில் முற்றுகையிடப்பட்டது. உள்ளே இருந்த ஆங்கிலேய இந்தியப் படையினர் பட்டினியில் குதிரைகளை அறுத்துத் தின்றார்கள். 1916 ஏப்ரல் 29-இல் சுமார் 13,000 பேர் துருக்கியரிடம் சரணடைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். ஆயிரக்கணக்கானவர்கள் பாலைவன நடையிலும் சிறை முகாமிலும் செத்தார்கள். பின்னர் பஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் ஆங்கிலேயர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டார்கள். அந்தப் போரில் இறந்தவர்களில், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களுமான குறைந்தது 1,16,000 பேர் பெயர் இல்லாமலோ, எந்தவித நினைவுக் குறிப்பும் இல்லாமலோ விடப்பட்டிருக்கலாம் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.