வின்சாக்கிக்கு வந்த நடிகை

1941 அக்டோபர் 1 அன்று நியூயார்க்கின் எத்தல் பாரிமோர் அரங்கில் ‘பெஸ்ட் ஃபுட் ஃபார்வர்ட்’ இசை நாடகம் மேடையேறியது. கதை லேசானதுதான். வின்சாக்கி என்ற ஆண்கள் பள்ளியில் நடன விழா. ஒரு மாணவன் தன் அபிமான நடிகைக்கு விளையாட்டாக அழைப்புக் கடிதம் போடுகிறான். மார்க்கெட் சரிந்திருந்த நடிகைக்கு இது நல்ல விளம்பரம் என்று அவளுடைய விளம்பர மேலாளர் நச்சரிக்க, அவள் நிஜமாகவே வந்து இறங்கிவிடுகிறாள். பையனின் காதலி சும்மா இருப்பாளா? கலவரம் முற்றி, நடிகையின் கவுனைக் கிழித்து ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொள்கிற அளவுக்குப் போகிறது.

என்னை வியக்க வைப்பது கதையைவிட, அதில் வேலை பார்த்த இளைஞர் பட்டாளம். தயாரித்து இயக்கிய ஜார்ஜ் அபட் மட்டும் பழம் தின்று கொட்டை போட்டவர். நடனம் அமைத்தவர் ஜீன் கெல்லி. அப்போது அவர் ஒரு சினிமாவில்கூடத் தலைகாட்டியிருக்கவில்லை. குழுவில் ஆடிய 17 வயது ஸ்டான்லி டோனன்தான் பின்னாளில் கெல்லியோடு சேர்ந்து ‘சிங்கிங் இன் த ரெயின்’ (1952) படத்தை இயக்கியவர். பாடல்களுக்கு ஹியூ மார்ட்டின், ரால்ஃப் பிளேன். நடித்தவர்களில் ஜூன் அலிசன், நான்சி வாக்கர்.

நாடகம் தொடங்கி இரண்டே மாதத்தில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. அமெரிக்கா போரில் இறங்கியது. அப்படியும் நாடகம் மொத்தம் 326 காட்சிகள் ஓடியது.

1943இல் எம்.ஜி.எம். இதை வண்ணப் படமாக எடுத்தபோது வின்சாக்கி ராணுவப் பள்ளியாகிவிட்டது. பையன்களுக்குச் சீருடை. பார்க்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் நிஜச் சீருடையில் கடல் கடந்து போயிருந்த காலம் அது. அந்த வீடுகளுக்கு ஒன்றரை மணி நேரம் கவலையில்லாத பிள்ளைகளைக் காட்டியதை நான் சின்னக் காரியமாக நினைக்கவில்லை.

நடிகை வேடம் முதலில் லானா டர்னருக்கு என்றிருந்தது. அவர் கர்ப்பமானதால் லூசில் பாலுக்கு வந்தது; ‘லூசில் பால்’ என்ற தன் சொந்தப் பெயரிலேயே நடித்தார். அலிசனும் வாக்கரும் மேடையிலிருந்து திரைக்கு வந்தார்கள்.

மார்ட்டினும் பிளேனும் அடுத்து ‘மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்’ (1944) படத்தில் ஜூடி கார்லண்டுக்குப் பாட்டு எழுதினார்கள். 1963இல் வின்சாக்கி மறுபடி நியூயார்க்கில் மேடையேறியபோது, அதில் நடித்துப் பெயர் வாங்கினாள் ஜூடியின் 17 வயது மகள் லைசா மினெல்லி.