சிலேட்டர் துரையும் எங்க அய்யாவின் கடனும்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் கங்கைகொண்டானைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது அங்கே தொழிற்பேட்டையெல்லாம் வந்துவிட்டது. அந்த ஊரையும், சிவகாசிப் பக்கத்து வடமலாபுரத்தையும் பற்றி நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் புத்தகம் போட்டார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

அவர் பெயர் கில்பர்ட் சிலேட்டர். 1864-இல் பிறந்தவர். இங்கிலாந்தில் ஊர்ப் பொது நிலங்களைப் பண்ணையார்கள் வேலி போட்டு வளைத்துக்கொண்டதால் சின்ன விவசாயி என்ன ஆனான் என்று ஆராய்ந்து 1907-இல் புத்தகம் எழுதினார். லண்டன் பக்கம் ஊலிச்சில் தொழிற்கட்சி மேயராக இருந்தவர். தொழிலாளிகள் படிப்பதற்கென்றே நடந்த ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளாதாரத்துக்கு ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்கியபோது, 1915-இல் அந்த நாற்காலிக்கு வந்து 1921 வரை இருந்தார்.

வந்தவருக்கு ஒரு சங்கடம். இந்தியப் பொருளாதாரம் என்று எதைச் சொல்லிக் கொடுப்பது? புத்தகங்களெல்லாம் இங்கிலாந்தின் ஆலையையும் வங்கியையும் பேசின. நம் ஜனங்களோ கிராமத்தில் இருந்தார்கள். அவர் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்து மாணவர்கள் கையில் கொடுத்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவரவர் ஊரைப் பற்றி விசாரித்து எழுதிவர வேண்டும். எத்தனை வீடு, எத்தனை ஏர்மாடு, கிணறு எத்தனை, யார் நிலம், யார் உழைப்பு, கூலி தானியமா காசா, கடன் எவ்வளவு, வட்டி என்ன என்று எல்லாம் அதில் உண்டு. அப்படி வந்தவற்றைத் தொகுத்து 1918-இல் வெளியிட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் பாலக்குறிச்சி, வட ஆற்காட்டில் தூசி, தென்னாற்காட்டில் இருவேல்பட்டு என்று நஞ்சையும் புஞ்சையும் கலந்த ஊர்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் புனா பக்கம் ஹெரால்டு மான் என்பவரும் ஒரு கிராமத்தை ஆராய்ந்து எழுதினார். ஆனால் உள்ளூர்ப் பிள்ளையை அனுப்பி அவன் ஊரையே எழுதவைத்த யுக்தி சிலேட்டருடையது.

இதில் ஒரு குறையும் உண்டு என்பது என் எண்ணம். அந்தக் காலத்தில் சென்னைக்குப் போய்ப் படிக்கிற பையன் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. சேரிக்குள் அவன் எவ்வளவு தூரம் போயிருப்பான்? தன் வீட்டுக் கணக்கைத்தான் முழுசாகச் சொல்லியிருப்பானா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், 1967 கோடையில் எங்கள் கல்லூரிப் பொருளாதார ஆசிரியரும் இதே மாதிரி ஒரு படிவம் கொடுத்து எங்களை ஊருக்கு அனுப்பினார். அது யார் கண்டுபிடித்த வழி என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் வீடு அஞ்சு குறுக்கம் கரிசல் உள்ள வீடு. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பிக் கருங்கண்ணிப் பருத்தியும் கம்பும் போடுவோம். மாசிக்கு மேல்தான் பருத்தி வெடிக்கும். அதுவரை கமிஷன் கடையில் வாங்கித்தான் சாப்பாடு. பருத்தி செடியில் இருக்கும்போதே விலை அவர் கைக்குப் போய்விடும். அம்பாரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்பிய வருஷங்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

நாற்பது வீடு எழுதிவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தேன். கடன் என்ற கட்டத்தில் பேனாவை வைத்ததும் அய்யா சொன்னார்: "இல்லைன்னு போடு. நாளைக்கு உன் தங்கச்சியக் கேட்டு எவம்லே வருவான்?" இல்லை என்றே போட்டேன். அந்தப் பயிற்சிக்கு எனக்கு நல்ல மார்க்கு வந்தது. அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் ஒரு புரோநோட்டு கிடைத்தது. 1965 தை மாதத்துத் தேதி. 850 ரூபாய். நான் எழுதிய மற்ற நாற்பது வீட்டில் எத்தனை "இல்லை" இப்படிப்பட்டவை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

சிலேட்டர் போன பிறகு வேலை நிற்கவில்லை. பின்னால் பேராசிரியராக வந்த பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து 1936-37-இல் அதே ஊர்களை மறுபடி ஆய்வு செய்யவைத்தார். 1940-இல் அது புத்தகமாயிற்று. இரண்டுக்கும் நடுவே உலகப் பெருமந்தம் வந்து போயிருந்தது. பருத்தி, நெல், எல்லாம் விலை விழுந்தன. வாங்கிய கடனும் தீர்வையும் விழவில்லை. 1935-இல் சத்தியநாதன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி விவசாயக் கடன் பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். 1938-இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. சிலேட்டர் இறந்ததும் அதே 1938-இல்தான்.

சட்டம் வந்தும் கமிஷன் கடை போகவில்லை. ரிசர்வ் வங்கி 1951-52-இல் நாடு முழுக்க எடுத்த கிராமக் கடன் கணக்கில், விவசாயி வாங்கிய 100 ரூபாயில் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது சுமார் 3 ரூபாய். லேவாதேவிக்காரர்கள் கொடுத்தது 70-ஐ ஒட்டி. எங்கள் ஊருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

கோவில்பட்டியில் 1901-லேயே பண்ணை வைத்துப் பருத்தியையும் சோளத்தையும் ஆராய்ந்தார்கள். விதை அங்கிருந்து நல்லதாக வந்தது. அந்த விதைக்குப் பணம் கமிஷன் கடையிலிருந்து வந்தது. செடியை ஆராய்ந்த அளவுக்கு அந்தக் கடைச் சிட்டையை யாரும் ஆராயவில்லை என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் மூன்றாம் முறையாக அந்த ஊர்களுக்குப் போனார்கள். வடமலாபுரத்துக்கு வெங்கடேஷ் ஆத்ரேயா போய் எழுதினார். இருவேல்பட்டுக்கு அதற்குப் பிறகும், 2008 வாக்கில் போயிருக்கிறார்கள். ஒரே ஊரை தொண்ணூறு வருஷம் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது உலகத்திலேயே அபூர்வம்.

என் நாற்பத்தியொரு வீட்டுப் படிவங்கள் கல்லூரி மாடியில் ஒரு பீரோவில் சிலகாலம் இருந்தன. பிறகு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டதாக பியூன் சொன்னார்.