அயலாரும் நிலநடுக்கமும்: ஜப்பானிய நகரங்களின் பேரிடர்ப் பயிற்சி வரலாறு

டோக்கியோவையும் யோகோஹாமாவையும் 1923 செப்டம்பர் 1 அன்று சிதைத்த பெரும் கான்டோ நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் ஏறத்தாழ 1,05,000 பேர் மாண்டனர். கிணறுகளில் கொரியர்கள் நஞ்சு கலப்பதாகப் பரவிய வதந்தியை நம்பி, ‘ஜிகெய்டான்’ எனப்பட்ட தன்னார்வக் காவல் குழுவினர் வழிப்போக்கரை மறித்து, சில ஜப்பானியச் சொற்களை உச்சரிக்கச் சொல்லி, நா பிறழ்ந்தவர்களைக் கொன்றனர். பெருந்தொகையான கொரியர்களோடு சீனர்களும், பேச்சுவழக்கு வேறுபட்ட ஜப்பானியர் சிலரும் அவ்வாறு உயிரிழந்தனர். அயல்நாட்டவருக்கான பேரிடர்ப் பயிற்சியின் வரலாற்றை இக்கொடுமையிலிருந்தே தொடங்க வேண்டும். ஏனெனில் பேரிடர்க் காலத்தில் அயலார் யார் என்னும் கேள்விக்கு டோக்கியோ அளித்த முதல் விடை இதுவே.

அந்நிலநடுக்கம் நேர்ந்த செப்டம்பர் 1ஆம் நாள், 1960ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் பேரிடர்த் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு, பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ஒத்திகைகள் நடக்கலாயின. ஆயினும் அவை பெரும்பாலும் ஜப்பானிய மொழி அறிந்தவர்களையே கருத்திற் கொண்டவை.

அக்குறை 1995 சனவரி 17 விடியலில் கோபே நகரில் வெளிப்பட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்நிலநடுக்கத்தில் கடும் சேதமுற்ற நகாத்தா வட்டாரத்தில், செயற்கைத் தோல் காலணிப் பட்டறைகளை நம்பி வாழ்ந்த கொரியர்களும், வியட்நாம் போருக்குப்பின் அகதிகளாக வந்து குடியேறிய வியட்நாமியர்களும் மிகுதியாக இருந்தனர். நிலநடுக்கம் அரிதான நாட்டிலிருந்து வந்த வியட்நாமியர் பலர், பின்னதிர்வுகளுக்கு அஞ்சிக் கூரையின்கீழ் செல்லத் துணியாமல் பூங்காக்களில் கூடாரமிட்டுத் தங்கினர். தண்ணீர் எங்கே வழங்கப்படுகிறது, நிவாரணத்துக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது என்னும் அறிவிப்புகள் அவர்களுக்கு விளங்கவில்லை. அரசு எட்டாத அவ்விடைவெளியைத் தன்னார்வலர்கள் தாங்களே நிரப்பினர்: கொரிய மொழிக்கென ஒன்றும், வியட்நாமியம் உள்ளிட்ட பிற மொழிகளுக்கென மற்றொன்றுமாகச் சிறு வானொலிகள் தோன்றி, அவ்வாண்டிலேயே ‘எஃப்எம் வைவை’ என்னும் பன்மொழிச் சமூக வானொலியாக இணைந்தன.

அதே படிப்பினையிலிருந்து, ஹிரோசாகி பல்கலைக்கழகச் சமூக மொழியியலாளர் சாத்தோ கசுயுகியும் அவருடன் உழைத்தவர்களும் ‘யாசாஷீ நிஹோங்கோ’ என்னும் எளிய ஜப்பானிய நடையை வகுத்தனர். அரசு அறிவிப்புகளின் கடுஞ்சொற்களை அன்றாடச் சொற்களால் மாற்றி, வாக்கியங்களைக் குறுக்குவதே அதன் அடிப்படை. எல்லா மொழிகளிலும் உடனடியாக மொழிபெயர்ப்பது இயலாத முதல் நாள்களில், சிறிதளவே ஜப்பானியம் கற்றவரையும் அது சென்றடைகிறது; முதியோருக்கும் சிறாருக்கும் அதனால் விளையும் பயன் குறைந்ததன்று.

இன்று டோக்கியோ பெருநகர அரசும் பல நகராட்சிகளும் அயல்நாட்டுக் குடியிருப்போருக்கென நடத்தும் பயிற்சிகளில், நிலநடுக்கத்தைப் போலிசெய்யும் வண்டியில் அதிர்வை உணர்தல், புகை நிரம்பிய கூடாரத்தில் குனிந்து வெளியேறுதல், தீயணைப்புக் கருவியை இயக்குதல், 119 என்னும் அவசர எண்ணை அழைத்துப் பேசுதல் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. இவற்றுள் மிகவும் இன்றியமையாதது கடைசியாகக் கூறியதே. மற்றவை உடலைக் காக்க, அது அயலாரின் குரலை நகரத்தின் காதுக்குக் கொண்டுசேர்க்கிறது. மொழி பிறழ்ந்தமைக்காக மனிதர் கொல்லப்பட்ட நகரில், பிறழ்ந்த மொழியிலேனும் உதவி கோரவும் பிறருக்கு உதவவும் அயலாரைப் பழக்குவது விருந்தோம்பலின் பாற்பட்டதன்று. அந்நகரம் தீர்த்தே ஆகவேண்டிய கடன் அது.