பிராத்தோ வணிகரின் கணக்கும் ஆன்மாவும்

பதினான்காம் நூற்றாண்டின் இத்தாலிய வணிகர்கள் கணக்கேட்டின் முதல் தாளில் கடவுளின் பெயரை எழுதிய பின்னரே வரவு செலவைத் தொடங்கினர். அதே காலத்தில், கொடுத்த கடனுக்கு மேல் பெறும் எதையும் பாவமாகக் கருதிய திருச்சபை, வெளிப்படையாக வட்டித் தொழில் செய்வோருக்குக் கிறிஸ்தவ அடக்கம் கூடாது என 1179ஆம் ஆண்டின் மூன்றாம் லாத்தரன் சங்கத்திலேயே விதித்திருந்தது. இவ்விரண்டுக்கும் இடையே வாழ்ந்த வணிகரின் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதை அறிய, புளோரன்சுக்கு அருகிலுள்ள பிராத்தோ நகரின் பிரான்செஸ்கோ தத்தீனி விட்டுச்சென்ற ஆவணங்களைப் போன்ற சான்று வேறில்லை எனலாம். ஏறத்தாழ 1,50,000 கடிதங்களும் 500க்கு மேற்பட்ட கணக்கேடுகளும் அடங்கிய அத்தொகுதி, 1870இல் அவருடைய மாளிகையிலேயே கண்டெடுக்கப்பட்டது.

1348ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த தத்தீனி, சிறு நிலமொன்றை விற்ற 150 பிளோரின் பொற்காசுகளோடு, அப்போது திருத்தந்தையரின் இருப்பிடமாயிருந்த பிரான்சின் அவிஞ்ஞோன் நகருக்கு இளம் வயதிலேயே சென்று, ஆயுத வணிகத்தில் காலூன்றினார். போரிட்ட இரு தரப்பினருக்கும் கவசமும் வாளும் விற்று ஈட்டிய முதலைக் கொண்டு, 1383இல் ஊர் திரும்பிய பின், புளோரன்ஸ், பீசா, ஜெனோவா, பார்சிலோனா, வலென்சியா, மயோர்க்கா ஆகிய இடங்களில் கிளைகளை நிறுவினார். அவருடைய ஏடுகளின் தலைப்பில் கடவுளின் பெயரும் இலாபத்தின் பெயரும் அருகருகே நின்றன. அவ்வாறு எழுதியதில் அவர் முரண்பாடு எதையும் கண்டதாகத் தெரியவில்லை.

ஆனால் கடிதங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. வீடொன்று இடிந்து விழ, அதனுள் தம் குடும்பத்தார் அனைவரும் இருக்கக் கண்ட கனவு தம்மை அலைக்கழிப்பதாக மனைவி மர்கெரித்தாவுக்கு எழுதும் தத்தீனி, அடுத்த வரியிலேயே, வெனிசிலிருந்து புறப்பட்டு இரண்டு மாதத்துக்கு மேலாகியும் செய்தி வராத கப்பலையும், அதற்குத் தாம் அளித்திருந்த 300 பிளோரின் காப்பீட்டையும் பற்றிக் கவலைப்படுகிறார். குடும்பத்தின் மீதான அச்சமும் சரக்கின் மீதான அச்சமும் அவருள் ஒரே அச்சமாகக் கலந்துவிட்டதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. முப்பது வயதைக் கடந்த பின் தம் கையால் எழுதக் கற்றுக்கொண்ட மர்கெரித்தா, ஓய்வறியாத இந்த வாழ்க்கையைப் பலமுறை கண்டித்தார்.

தத்தீனியின் நண்பரும், உயில் முதலிய ஆவணங்களைச் சட்டப்படி எழுதித்தரும் நோட்டரி அலுவலருமான லாப்போ மத்சேய் அதிகச் செல்வமில்லாதவர், ஆழ்ந்த பக்தியுடையவர். வணிகமும் மாளிகைக் கட்டட வேலையும் ஆன்மாவை விழுங்கிவருவதாக எச்சரித்த அவர், கொடுப்பதைச் சாவுக்குப் பின் என்று தள்ளாமல், உயிரோடிருக்கும்போதே தம் கையால் ஏழைகளுக்குக் கொடுக்குமாறு ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தினார். லூக்கா நற்செய்தியில், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட இரவிலேயே உயிர் பறிக்கப்படும் செல்வனின் உவமையை அறிந்த எந்தக் கிறிஸ்தவருக்கும் இந்த அறிவுரையின் அவசரம் புரியும். தத்தீனிக்கும் அது புரிந்தது, ஆனால் அதன்படி நடக்க இயலவில்லை.

1399இல் வெண்ணிற உடையணிந்து, வெறுங்காலோடு, இறைச்சியை விலக்கி, அமைதி வேண்டி ஊர் ஊராக நடந்த பியாங்கி என்னும் தவ யாத்திரையில் அவரும் உண்மையான மனத்தோடு கலந்துகொண்டார். எனினும் அவருடைய குழுவோடு இரண்டு குதிரைகளும் ஒரு கோவேறு கழுதையும் பாலாடைக்கட்டி, ரொட்டி, இனிப்பு வகைகளைச் சுமந்து சென்றன. இதனைப் போலிப் பக்தி என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. முன்னேற்பாடின்றி ஒரு நாளைக்கூடக் கடவுளின் கையில் விட முடியாதபடி, நாற்பது ஆண்டு வணிகப் பழக்கம் அம்மனிதரை ஆக்கியிருந்தது என்பதே இதன் துயரம். மறு ஆண்டு கொள்ளைநோய் மீண்டும் பரவியபோது, அவர் குடும்பத்தோடு பொலோஞாவுக்குச் சென்று உயிர் தப்பினார். புளோரன்சிலேயே இருந்த மத்சேய் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்.

1410 ஜூலை 31 அன்று மத்சேயே எழுதித்தந்த தத்தீனியின் இறுதி உயிலின்படி, 70,000 பிளோரினுக்கு மேற்பட்ட சொத்தின் பெரும்பகுதி பிராத்தோவின் ஏழைகளுக்கென நிறுவப்பட்ட அறக்கட்டளைக்குச் சென்றது. அதன் நிர்வாகத்தைத் திருச்சபை அதிகாரிகளிடம் ஒப்படைக்காமல் நகர மக்களிடமே விட்ட முடிவு, அந்த அறம் நூற்றாண்டுகளைக் கடந்து நிலைக்கப் பெரிதும் துணைசெய்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென அவர் ஒதுக்கிய 1,000 பிளோரின், புளோரன்சில் பின்னர் எழுந்த புகழ்பெற்ற குழந்தைகள் காப்பகத்துக்கு வித்தாயிற்று. பசித்த பலரை அச்செல்வம் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆகஸ்ட் 16 அன்று நிகழ்ந்த அவருடைய மரணத்தைப் பற்றி எழுதிய மத்சேய், தாமும் சாக வேண்டியிருக்கிறது என்பதும், தம் மன்றாட்டுகள் பலிக்கவில்லை என்பதும் கடைசிவரை அவருக்கு விந்தையாகவே தோன்றியதாகப் பதிவுசெய்திருக்கிறார்.